பேஸில் நின்றவர் ஒருவர்

முதலில் இந்த இரண்டு வரியைப் பாருங்கள்.

பிட்ஸ்பர்க் 000 000 000 000 0 – 0 12 1
மில்வாக்கி 000 000 000 000 1 – 1 1 0

1959 மே 26, செவ்வாய்க்கிழமை இரவு, அமெரிக்காவின் மில்வாக்கி கவுண்டி ஸ்டேடியத்தில் நடந்த பேஸ்பால் ஆட்டம் இது. கடைசியில் இருக்கும் மூன்று எண்கள் ரன், ஹிட் (பந்தை அடித்து பத்திரமாக பேஸுக்குப் போனது), எரர் (ஃபீல்டிங் பிழை). பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 12 ஹிட் அடித்து ஒரு ரன்கூட எடுக்கவில்லை. மில்வாக்கி பிரேவ்ஸ் ஒரே ஒரு ஹிட் அடித்து ஜெயித்துவிட்டது. முதன்முதலாக இதைப் பார்த்தபோது யாரோ வரிகளை மாற்றி அச்சடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

எனக்கு பேஸ்பால் தெரியாது. இப்போதும் பெரிதாகத் தெரியும் என்று சொல்ல மாட்டேன், ஒரு முழு ஆட்டத்தை உட்கார்ந்து பார்க்கும் பொறுமை இன்னும் வரவில்லை. ஆனால் ஸ்கோர் புக் தெரியும். கல்லூரி நாட்களில் ஊர் அணிக்கு ஸ்கோரர் நான்தான், ஏனென்றால் பதினொரு பேரில் எனக்கு இடம் கிடைக்காது, பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் தூக்குவதைவிட மேசைக்குப் பின்னால் பென்சிலோடு உட்காருவது கௌரவம். கிரிக்கெட் ஸ்கோர் எழுதியவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். பேட்டிங் பக்கம் கூட்டினாலும் பௌலிங் பக்கம் கூட்டினாலும் எக்ஸ்ட்ராவோடு சேர்த்து ஒரே தொகைதான் வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் அன்று ராத்திரி தூக்கம் கிடையாது. எனக்கு ஒருமுறை ஒன்று குறைந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தப் பழக்கம் உள்ளவன் பேஸ்பால் பாக்ஸ் ஸ்கோரில் போய் விழுந்ததற்கு ஒரு கிரிக்கெட் நிருபர்தான் காரணம். ஹென்றி சாட்விக். இங்கிலாந்தின் எக்ஸிடர் ஊரில் 1824இல் பிறந்தவர், சிறு வயதில் குடும்பத்தோடு புரூக்ளினுக்குப் போனவர். நியூயார்க் பத்திரிகைகளுக்கு கிரிக்கெட் எழுதிக்கொண்டிருந்தவர் 1856இல் ஒரு கிரிக்கெட் மேட்ச் முடிந்து திரும்பும் வழியில் பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பார்த்து அதன் பக்கம் சாய்ந்துவிட்டார். பாக்ஸ் ஸ்கோர் என்ற அட்டவணையை அவர் அமைத்தது கிரிக்கெட் ஸ்கோர் கார்டைப் பார்த்துத்தான், முதலில் அச்சானது 1859இல். பேட்டர் மூன்று ஸ்ட்ரைக்கைக் கோட்டைவிட்டு ஸ்ட்ரைக் அவுட் ஆனால் இன்றைக்கும் ஸ்கோர் ஷீட்டில் கே என்று ஒரே எழுத்து போடுகிறார்களே, அதுவும் அவர் வைத்ததுதான். 'ஸ்ட்ரக்' என்ற சொல்லின் முதல் எழுத்து வேறொன்றுக்குப் போய்விட்டதால் கடைசி எழுத்தை எடுத்துக்கொண்டார். நானும் இப்படித்தான் லெக் பைக்கு ஒரு முக்கோணம் போடுவேன், அது ஏன் முக்கோணம் என்று எனக்குச் சொல்லித் தந்தவருக்கும் தெரியாது.

ஆக மில்வாக்கி ஆட்டம் நடந்தபோது பாக்ஸ் ஸ்கோருக்குச் சரியாக நூறு வயது. அந்த நூறு வருஷத்தில் இப்படி ஒன்றை அது எழுதியதில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். ஒரு அணிக்கு ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ், ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட். மூன்று பேஸைச் சுற்றி வீட்டுக்கு வந்து சேர்ந்தால் ஒரு ரன். ஒன்பது முடிந்தும் சமம் என்றால் யாராவது ஜெயிக்கும்வரை போய்க்கொண்டே இருக்கும், கிரிக்கெட் மாதிரி டிரா என்று கைகுலுக்கிவிட்டுப் போகிற வழக்கம் இல்லை. எதிரணியில் ஒருவர்கூட, எந்த வழியிலும், முதல் பேஸை மிதிக்காமல், பந்து எறிகிற பிட்சர் ஒருவர் பார்த்துக்கொண்டால் அது பெர்ஃபெக்ட் கேம். இருபத்தேழு பேர் வருகிறார்கள், இருபத்தேழு பேரும் திரும்பிப் போகிறார்கள். அபூர்வத்திலும் அபூர்வம்.

பைரேட்ஸ் பிட்சர் ஹார்வி ஹாடிக்ஸ் அன்று முப்பத்தாறு பேரைத் திருப்பி அனுப்பினார். பன்னிரண்டு இன்னிங்ஸ். அதற்கு முன்னும் யாரும் செய்யவில்லை, பின்னும் செய்யவில்லை. அப்புறம் தோற்றார்.

அவருக்கு 33 வயது. இடது கைக்காரர், ஐந்தடி ஒன்பது அங்குலம், பார்த்தால் ஆளை அசத்தும் உடம்பு இல்லை. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் இருந்த நாளில் 'பூனை' என்று பட்டப்பெயர் பெற்ற மூத்த பிட்சர் ஹாரி பிரெக்கீனைப் போலவே இருந்ததால் இவருக்குப் 'பூனைக்குட்டி' என்று பெயர் வந்தது. அன்று அவருக்குச் சளி, காய்ச்சல், உடம்பு முடியவில்லை. எதிரில் இருந்ததோ சாதாரண அணி இல்லை. முந்தைய இரண்டு வருஷமும் நேஷனல் லீக்கை ஜெயித்த அணி. ஹாங்க் ஆரன் அந்த வருஷம் பேட்டிங் சராசரி .355 எடுத்து லீக்கின் முதல் பேட்டர் ஆனார், எடி மேத்யூஸ் வேலியைத் தாண்டி 46 ஹோம் ரன் அடித்து அதில் முதல் இடம். ஆட்டத்துக்கு முன் ஹாடிக்ஸ், ஒவ்வொரு பேட்டருக்கும் எப்படிப் போடப்போகிறேன் என்று அணிக்கூட்டத்தில் வரிசையாகச் சொன்னாராம். மூன்றாவது பேஸ் காவல்காரர் டான் ஹோக், நீ சொல்வது மாதிரியே போட்டால் இன்றைக்கு ஒரு ஹிட்கூட விழாதே என்று கிண்டல் செய்தாராம். ஹோக்கின் பெயரை ஞாபகத்தில் வையுங்கள்.

இப்போது மில்வாக்கி அட்டவணை. பெயருக்கு நேரே மூன்று எண்: எத்தனை முறை பேட் செய்தார், எத்தனை ரன், எத்தனை ஹிட். கவிங்டன் 4 0 0. கிராண்டல் 4 0 0. பாஃப்கோ 4 0 0. லோகன் 4 0 0. பர்டெட் 4 0 0. ஒரு ராணுவ அணிவகுப்பு மாதிரி நிற்கிறது. பொதுவாக பாக்ஸ் ஸ்கோரில் ஒருவருக்கு 5 இருக்கும், இன்னொருவருக்கு 3 இருக்கும், அணிவகுப்பு குலைந்துதான் இருக்கும். இங்கே ஏன் இத்தனை பேருக்கும் நான்கு? முப்பத்தாறை ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். ஒருவரும் பேஸுக்குப் போகாததால் வரிசை நான்கு முறை முழுதாகச் சுற்றி, பதின்மூன்றாவது இன்னிங்ஸில் சரியாக முதல் ஆளிடம் வந்து நிற்கிறது. ஹாடிக்ஸ் என்ன செய்தார் என்பதை எழுத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் அந்த நான்குகளே காட்டிவிடுகின்றன. நான் அதை என் நோட்டில் பேனாவால் எழுதிப் பார்த்தேன். 4 0 0, 4 0 0 என்று எழுதிக்கொண்டே வரும்போது ஒரு கட்டத்தில் கை தானாகப் போகிறது.

பிட்ஸ்பர்க் பக்கம் வேறு கதை. அங்கே தினசரி வாழ்க்கை நடந்திருக்கிறது. முதல் ஆளாக வந்த ஸ்கோஃபீல்ட் 6 0 3. நெல்சன் 5 0 2. ஹோக் 5 0 2. விர்டன், ஸ்கின்னர், மஸரோஸ்கி, மெஹியாஸுக்கு ஒன்றொன்று. ஹாடிக்ஸுக்கே ஒன்று: 5 0 1. அந்தக் காலத்தில் பிட்சரும் பேட் செய்தாக வேண்டும். பாருங்கள், உடம்பு முடியாத பிட்சர் தன் மட்டையால் அடித்த ஹிட்டும் மில்வாக்கி அணி மொத்தமும் அடித்த ஹிட்டும் சமம்.

கடைசிப் பக்கம் இன்னொரு பெயர்: கிறிஸ்டபர் 1 0 0. ஜோ கிறிஸ்டபர். அன்றுதான் மேஜர் லீக்கில் அவருக்கு முதல் ஆட்டம், விர்ஜின் தீவுகளில் பிறந்தவர்களில் அந்த உயரத்துக்குப் போன முதல் ஆள். பத்தாவது இன்னிங்ஸில் மெஹியாஸுக்குப் பதிலாக டிக் ஸ்டூவர்ட்டை பேட் செய்ய அனுப்பினார்கள், அவர் அடித்த பந்து தூரமாகப் போய்ப் பிடிபட்டது. அப்புறம் ரைட் ஃபீல்டில் நிற்க ஆள் வேண்டுமே என்று கிறிஸ்டபர் இறங்கினார். முதல் ஆட்டம் யாருக்கும் மறக்காது, இவருக்கு முதல் ஆட்டமே இது. சரி, அந்த ரைட் ஃபீல்ட் உண்மையில் யாருடைய இடம்? ராபர்டோ கிளமெண்டேயினுடையது. அவர் அன்று ஆடவில்லை. ஆடாதவர்களுக்கு அட்டவணையில் வரி கிடையாது. கிளமெண்டே இருந்திருந்தால் என்று யோசிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், எனக்கு அந்த யோசனையில் பிடிப்பு இல்லை.

பன்னிரண்டு ஹிட்டும் எங்கே போயின? இந்த இடத்தில்தான் எனக்குள் இருக்கும் பழைய ஸ்கோரர் எழுந்து உட்கார்ந்தான். பேஸ்பாலிலும் டேலி பார்க்க வழி இருக்கிறது. பேட் செய்ய வந்த ஒவ்வொருவரும் மூன்றில் ஒன்றாகத்தான் முடிய வேண்டும்: ரன் எடுத்து வீட்டுக்கு வந்திருக்க வேண்டும், அல்லது அவுட் ஆகியிருக்க வேண்டும், அல்லது இன்னிங்ஸ் முடியும்போது ஏதோ ஒரு பேஸில் நின்றிருக்க வேண்டும். நான்காவது வழி கிடையாது. பைரேட்ஸ் வரிசையைக் கூட்டினால் 47. ரன் பூஜ்யம். பதின்மூன்று இன்னிங்ஸுக்கு அவுட் 39. மிச்சம் 8, பேஸில் நின்றவர்கள் எட்டுப் பேர். டேலி.

ஆனால் பேஸுக்குப் போனது பன்னிரண்டு பேர், நின்றது எட்டு. நடுவில் நான்கு பேர் காணோம். மூன்று பேரை டபுள் பிளே தின்றுவிட்டது, ஒரே அடியில் இரண்டு அவுட், கட்டக்கூடாத வட்டி மாதிரி. நான்காவது ஆள் ரோமான் மெஹியாஸ். மூன்றாவது இன்னிங்ஸில் அவர் முதல் பேஸில் இருக்க, ஹாடிக்ஸ் அடித்த பந்து மில்வாக்கி பிட்சர் பர்டெட் மேல் பட்டுத் தெறித்தது. மெஹியாஸ் இரண்டாவது பேஸில் நிற்காமல் மூன்றாவதுக்கும் ஓடி அவுட் ஆனார். அடுத்த ஆள் ஸ்கோஃபீல்ட் ஒரு சிங்கிள், அதாவது முதல் பேஸ்வரை போகும் ஹிட், அடித்தார். மெஹியாஸ் மட்டும் இரண்டாவதில் நின்றிருந்தால் அந்த சிங்கிளில் வீட்டுக்கு வந்திருக்க நல்ல வாய்ப்பு. அந்த ஒரு ரன் இருந்திருந்தால் ஒன்பதாவது இன்னிங்ஸிலேயே ஆட்டம் முடிந்து, ஹாடிக்ஸ் பெயர் நிரந்தரமாக வேறொரு பட்டியலில் இருந்திருக்கும். மெஹியாஸுக்கு எதிரில் 3 0 1 என்றுதான் இருக்கிறது, பார்ப்பதற்கு மரியாதையான எண். இதைத்தான் நான் பாக்ஸ் ஸ்கோரின் கள்ளத்தனம் என்பேன். டேலி போடுகிறவன் மட்டும்தான் குற்றவாளியைக் கண்டுபிடிப்பான்.

லூ பர்டெட்டுக்கும் ஒரு பத்தி கொடுத்தாக வேண்டும், ஏனென்றால் ஹாடிக்ஸ் புராணம் பாடுகிறவர்கள் இந்த மனிதரை ஒதுக்கிவிடுகிறார்கள். 13 இன்னிங்ஸ், 12 ஹிட், ரன் இல்லை, இலவசமாக ஒருவரையும் பேஸுக்கு அனுப்பவில்லை, ஸ்ட்ரைக் அவுட் இரண்டே இரண்டு. பன்னிரண்டு ஹிட்டும் சிங்கிள். 1957 வேர்ல்ட் சீரிஸில், அதாவது அந்த வருஷத்து இறுதித் தொடரில், நியூயார்க் யாங்கீஸை மூன்று முறை தனியாகத் தோற்கடித்தவர். பந்தில் எச்சில் தடவுகிறார் என்று வாழ்நாள் முழுக்க ஒரு சந்தேகம் அவரைச் சுற்றி வந்தது. ஆட்டம் முடிந்து அன்றிரவு அவரே ஹாடிக்ஸைக் கூப்பிட்டு, உன் ஹிட்டுகளை நீ கொஞ்சம் பரவலாகக் கொடுத்திருக்க வேண்டும் என்கிற மாதிரி சொன்னார் என்று கதை. ஒரே ஒரு ஹிட்டை எப்படிப் பரப்புவது! ஹாடிக்ஸுக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

இதற்கு நடுவே ஒரு திருட்டும் நடந்திருக்கிறது, அது பல வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தது. பைரேட்ஸ் கேட்சர் ஸ்மோக்கி பர்ஜெஸ் குண்டு மனிதர், முழுதாகக் குந்தி உட்கார மாட்டார், அதனால் அடுத்த பந்து என்ன என்று அவர் விரலால் காட்டும் சைகை தூரத்தில் இருப்பவர்களுக்கும் தெரியும். பிரேவ்ஸ் அணியின் மாற்று பிட்சர்கள் மைதான ஓரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்து, ஒரு துண்டை இப்படியும் அப்படியும் மாற்றிப் போட்டு பேட்டர்களுக்குத் தகவல் கொடுத்தார்களாம். சொன்னவர் வெளியாள் இல்லை, பிரேவ்ஸ் பிட்சர் பாப் பூல். ஆரன் ஒருவர்தான் அந்தத் தகவல் வேண்டாம் என்றவர். மற்றவர்கள் என்ன பந்து வருகிறது என்று தெரிந்தே நின்றார்கள். தெரிந்து நின்றும் 4 0 0. கேள்வித்தாள் கையில் கிடைத்த பிறகும் முட்டை வாங்கியது மாதிரி.

பதின்மூன்றாவது இன்னிங்ஸ். முதல் ஆள் ஃபெலிக்ஸ் மாண்டியா. ஆட்டத்தைத் தொடங்கியவர்களில் இவர் இல்லை. ஓ'பிரையன் மூன்று முறை ஆடி, பத்தாவதில் அவருக்குப் பதிலாக டெல் ரைஸ் ஒருமுறை ஆடி, அந்த இடத்துக்கு வந்தவர். அன்று அவர் சந்தித்த முதல் வாய்ப்பு இதுதான். மூன்றாவது பேஸ் பக்கம் தரையில் ஒரு சாதாரண பந்து. ஹோக் எடுத்தார். நேரம் இருந்தது. முதல் பேஸுக்கு எறிந்தார், எறி தாழ்ந்து போனது, நெல்சனால் பிடிக்க முடியவில்லை. மாண்டியா முதல் பேஸில். எரர், ஹோக். இன்றைக்கு ஹிட்டே விழாது என்று காலாட்டிக்கொண்டு சொன்ன அதே ஹோக்.

முப்பத்தாறு பேருக்குப் பிறகு முதல்முறையாக ஒருவர் பேஸில் நிற்கிறார். பெர்ஃபெக்ட் போய்விட்டது, ஹிட் இல்லாத ஆட்டம் என்பது மட்டும் பாக்கி. அடுத்து மேத்யூஸ். அந்த வருஷம் லீக்கிலேயே அதிக ஹோம் ரன் அடித்த மனிதர் பந்தை மெல்லத் தட்டி, தான் அவுட் ஆகி, மாண்டியாவை இரண்டாவது பேஸுக்கு அனுப்பினார். அணிக்காகச் செய்கிற தியாகம் என்பதால் அது பேட் செய்த கணக்கில் சேராது. அடுத்து ஆரன். அவருக்குப் போட வேண்டாம் என்று வேண்டுமென்றே நான்கு பந்தை விலக்கிப் போட்டு முதல் பேஸைக் கொடுத்தார்கள். அதுவும் கணக்கில் சேராது. மேத்யூஸ் 4 0 0, ஆரன் 4 0 0 என்று பட்டியல் அப்படியே நிற்பது இதனால்தான். ஐந்தாவது முறை அவர்கள் வந்ததே மேல் பார்வைக்குத் தெரியாது. ஆட்டத்தின் மிக முக்கியமான இரண்டு முடிவுகளை அட்டவணை அடிக்குறிப்பில் தள்ளிவிட்டது.

ஜோ ஆட்காக். 1954இல் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் அடித்தவர், பலசாலி. ஹாடிக்ஸின் பந்தை வலப்பக்க மத்திய வேலிக்கு மேலே அடித்தார். ஹோம் ரன். மாண்டியா, ஆரன், ஆட்காக், மூன்று ரன், ஆட்டம் 3-0.

இல்லை. மாண்டியா வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் ஆரன், பந்து வேலிக்குள்ளேதான் விழுந்தது, மாண்டியா வந்த நொடியே ஆட்டம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு, இரண்டாவது பேஸைத் தொட்டதும் மைதானத்தின் குறுக்கே அணி உட்காரும் டக் அவுட்டைப் பார்த்து நடையைக் கட்டிவிட்டார். பின்னால் தலையைக் குனிந்து ஓடி வந்த ஆட்காக் அவரைத் தாண்டிப் போய்விட்டார். முன்னால் ஓடுகிறவரைப் பின்னால் வருகிறவர் தாண்டினால் தாண்டியவர் அவுட். சக ஆட்டக்காரர்கள் ஆரனைத் திருப்பி அனுப்பி பேஸ்களை மிதிக்க வைத்துப் பார்த்தார்கள். ஆட்காக் அவுட், ரன் இரண்டு என்று நடுவர்கள் அன்றிரவு சொன்னார்கள். மறுநாள் நேஷனல் லீக் தலைவர் வாரன் கைல்ஸ், ஆட்காக் அடித்தது ஹோம் ரன் இல்லை, இரண்டு பேஸ் அடியான டபுள்தான், ரன் ஒன்றுதான் என்று தீர்த்து வைத்தார். மூன்று இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, தூங்கி எழுவதற்குள் ஸ்கோர் இளைத்துவிட்டது.

நமக்கு இது புதிதில்லை. 2010இல் தம்புள்ளையில் சேவாக் 99இல் நிற்க, ஜெயிக்க ஒரு ரன் வேண்டியிருக்க, சூரஜ் ரண்டீவ் நோ பால் போட்டார். சேவாக் அதை சிக்ஸ் அடித்தார். நோ பாலிலேயே ஆட்டம் முடிந்துவிட்டதால் அந்த சிக்ஸ் எந்தக் கணக்கிலும் இல்லை. ஊரே கண்ணால் பார்த்த அடி, புத்தகத்தில் இல்லை. அன்று வீட்டில் டிவியை அணைக்க மனமில்லாமல் திட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு ஆட்காக்கின் நிலைமை உடனே புரியும்.

இப்போது மில்வாக்கி பக்கத்துக்கு டேலி போடுவோம். பேட் செய்ததாக அட்டவணை சொல்வது 38. மேத்யூஸின் தியாகம் ஒன்று, ஆரனுக்குக் கொடுத்த இலவச பேஸ் ஒன்று, ஆக வந்தது நாற்பது பேர். ரன் 1. அவுட் எத்தனை? பன்னிரண்டு இன்னிங்ஸுக்கு 36, மேத்யூஸ் 37. அப்புறம், வேலிக்கு வெளியே பந்தை அடித்த ஆட்காக் 38. ஹாடிக்ஸுக்கு நேரே 12⅔ இன்னிங்ஸ் என்று ஒரு விசித்திரமான பின்னம் இருக்கிறதே, அதில் இரண்டாவது மூன்றில் ஒரு பங்கு, அவரைத் தோற்கடித்த அதே அடியில் அவருக்குக் கிடைத்தது. எந்த பிட்சருக்கும் இப்படி ஒரு பிச்சை விழுந்திருக்காது.

ஒன்றும் முப்பத்தெட்டும் முப்பத்தொன்பது. நாற்பதுக்கு ஒன்று குறைகிறது. அட்டவணையின் அடியில் தேடினால் இருக்கிறது: பேஸில் நின்றவர்கள், மில்வாக்கி, 1.

அது ஆரன். வேறு யாருமாக இருக்க முடியாது. மாண்டியா வந்துவிட்டார், மற்ற எல்லாரும் அவுட். ஆட்டம் முடிந்தது என்று டக் அவுட்டைப் பார்த்து நடந்துபோன மனிதரைக் கணக்குப் புத்தகம் இன்னமும் பேஸிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. மொத்தம் 755 ஹோம் ரன் அடித்துப் பிற்பாடு உலகப் புகழ் பெற்றவர், இந்த ஒரு இரவில் மட்டும் அறுபது சொச்சம் வருஷமாக வீட்டுக்கு வந்து சேரவில்லை. இந்த ஒன்றைக் கண்டுபிடித்தபோது ராத்திரி ஒன்றரை மணி, முதுகுவலிக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன், வாய்விட்டுச் சிரித்ததில் வீட்டில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். என்ன என்று கேட்டார்கள். ஹாங்க் ஆரன் இன்னும் பேஸில் நிற்கிறார் என்றேன். சரி தூங்கு என்று விளக்கை அணைத்தார்கள்.

அட்டவணையின் கடைசி வரியில் ஆட்ட நேரம் 2:54, கூட்டம் 19,194 என்று இருக்கிறது. பதின்மூன்று இன்னிங்ஸை மூன்று மணி நேரத்துக்குள் முடித்திருக்கிறார்கள். தோற்ற பிட்சர் ஹாடிக்ஸ். ரன் 1, அதில் அவர் பொறுப்பில் சேரும் ரன் 0, ஏனென்றால் மாண்டியா எரரில் வந்தவர். ஸ்ட்ரைக் அவுட் 8. பொறுப்பு பூஜ்யம், தோல்வி முழுசாக அவருடையது. அந்த வருஷம் அவர் 12 ஜெயித்து 12 தோற்றார், அந்தப் பன்னிரண்டு தோல்வியில் இதுவும் ஒன்றாக, மற்றதோடு சரிசமமாக உட்கார்ந்திருக்கிறது.

லீக் அவருக்கு வெள்ளியில் ஒரு பரிசு கொடுத்தது, ஒரு தட்டும் பன்னிரண்டு கோப்பைகளும். ஒவ்வொரு கோப்பையிலும் ஒரு இன்னிங்ஸில் நடந்தது பொறித்திருந்தது. பன்னிரண்டுதான். பதின்மூன்றாவதுக்குக் கோப்பை கிடையாது. கொடுத்தவர்களில் யாரோ ஒருவர் நல்ல மனுஷர்.

1991 செப்டம்பரில் இன்னொரு கூட்டம் கூடியது. பேஸ்பால் கமிஷனர் ஃபே வின்சென்ட் தலைமையில் புள்ளிவிவரத் துல்லியக் குழு. ஒன்பது இன்னிங்ஸுக்குக் குறையாமல் ஆடி, ஆட்டம் முடியும்வரை ஹிட் கொடுக்காமல் இருந்தால்தான் நோ ஹிட்டர் என்று வரையறை எழுதினார்கள். மழையால் பாதியில் முடிந்தவை, ஒன்பதுக்குப் பிறகு ஹிட் கொடுத்தவை என்று ஐம்பது ஆட்டங்கள் பட்டியலிலிருந்து போயின. ஹாடிக்ஸின் ஆட்டமும் போனது. இதே குழுதான் ரோஜர் மாரிஸின் 61 ஹோம் ரன் சாதனைக்கு முப்பது வருஷமாகப் போட்டு வைத்திருந்த தனிக்குறிப்பை எடுத்து அவருக்கு நியாயம் செய்தது. ஒரே உட்காரலில் ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவரிடம் பிடுங்கிக்கொண்டார்கள். என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும், பரவாயில்லை என்று சொல்லிவிட்டார் ஹாடிக்ஸ். 1994இல் இறந்துபோனார். நடுவில் 1960 வேர்ல்ட் சீரிஸில் யாங்கீஸுக்கு எதிராக இரண்டு ஆட்டம் ஜெயித்தவர் அவர், மஸரோஸ்கி கடைசிப் பந்தில் ஹோம் ரன் அடித்தாரே, அந்த ஏழாவது ஆட்டமும் அதில் ஒன்று. கணக்கு அங்கே கொஞ்சம் நேர் ஆயிற்று.

எனக்குக் குழுவின் மீது பெரிய கோபம் இல்லை. பட்டியல் என்பது தீர்ப்பு, தீர்ப்பை வருகிறவர்கள் மாற்றலாம். ஆனால் அவர்கள் வெட்டியது பட்டியலில் ஒரு வரியை. பாக்ஸ் ஸ்கோரில் கை வைக்க முடியவில்லை. அங்கே ஒரு நான்கை மாற்றினால் முப்பத்தாறு இடிக்கும், முப்பத்தாறை மாற்றினால் நாற்பது இடிக்கும். நடுவர்களும் கைல்ஸும் ஸ்கோரைத் திருத்தியபோதுகூட மூன்றை ஒன்றாக்கிவிட்டுப் போகவில்லை, அதற்கு ஈடாக ஆட்காக்கை அவுட்டிலும் ஆரனை பேஸிலும் உட்கார வைக்க வேண்டி வந்தது. யாரையும் சும்மா காணாமல் போக்க முடியாது.

முடியும். எனக்குத் தெரியும். ஆரம்பத்தில் சொன்னேனே, ஒன்று குறைந்தது என்று. அன்று எங்கள் அணி பேட்டிங் பக்கம் 162, பௌலிங் பக்கம் 163. எங்கோ ஒரு லெக் பையை எழுத மறந்திருக்கிறேன், எந்த ஓவரில் என்று நினைவில்லை. இரண்டு கேப்டன்களும் மேசைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்கள், வெயில் வேறு. கடைசி ஆளாக இறங்கி 9 நாட் அவுட்டாக நின்ற அண்ணன் ஒருவரின் பெயருக்கு எதிரே ஒரு சின்னக் கோடு கூடுதலாகப் போட்டேன். 163, 163. கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவர் இப்போது ஊரில் அரிசிக் கடை வைத்திருக்கிறார். வாழ்க்கையில் அவர் இரட்டை இலக்கம் தொட்டது அந்த ஒரு முறைதான். போன பொங்கலுக்குப் போனபோதும் கடையில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் இருந்தவரிடம், "தம்பிதான் அன்னிக்கு ஸ்கோர் எழுதினாரு, கேட்டுப் பாருங்க, பத்து நாட் அவுட்" என்றார்.

ஆமாண்ணே, பத்து என்றேன்.